36 சிப்பாய்கள், 5 வாரம்: ஒருபூச்சு வண்ணம் கைகொடுக்குமா?

வேலூர்க்கோட்டை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நீண்ட நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இன்று கேட்க வேண்டிய நெருக்கடி.

சொந்த ஊர் வேலூர், இப்போது இருப்பது இங்கிலாந்தின் லெஸ்டர். 28 மில்லிமீட்டர் அளவுப் பொம்மைச் சிப்பாய்களை வைத்து நெப்போலியன் காலப் போர்விளையாட்டு ஆடும் ஒரு சிறு குழுவில் சேர்ந்திருக்கிறேன். ஆளுக்கொரு ரெஜிமென்ட் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். நான் யோசிக்காமல் பிரிட்டிஷாரின் 69ஆவது காலாட்படையைக் கேட்டுவிட்டேன். காரணம் எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புரியும். 1806 ஜூலை 10 விடியற்காலையில் வேலூர்க் கோட்டைக்குள் இருந்த வெள்ளையர் படை இந்த 69ஆவதின் நான்கு கம்பெனிகள்தான். ஒன்பது ஆண்டுகள் கழித்து இதே ரெஜிமென்டின் இரண்டாம் பட்டாலியன் வாட்டர்லூவில் நின்றது. சிறுவயதில் கோட்டை அகழியில் கல்லெறிந்து விளையாடியவன் கையில் அந்தப் படையே பிளாஸ்டிக்கில் வந்து சேர்ந்திருக்கிறது.

கணக்கு இதுதான். விளையாட்டுக்கு இன்னும் 5 வாரம். 36 பேர் வேண்டும். பழைய முறையில் (அடிவண்ணம், அதன்மேல் பள்ளத்தில் இறங்கி நிழல் தரும் நீர்த்த வண்ணமான வாஷ், பிறகு இரண்டு படி வெளிச்சக்கோடு) ஓர் ஆளுக்கு எனக்கு 70 நிமிடம் ஆகிறது. மொத்தம் 42 மணி நேரம். வீட்டில் ஒரு வயதுக் குழந்தை. வாரத்துக்கு 5 மணி நேரம் கிடைத்தால் பெரிய விஷயம். ஆக என்னிடம் இருப்பது 25 மணி நேரம். ஆளுக்கு 40 நிமிடத்துக்குள் முடித்தால்தான் உண்டு.

ஒரே பூச்சில் நிழலும் வெளிச்சமும் தானாக வந்துவிடும் என்று சொல்லும் வண்ணங்கள் (சிடாடெல் கான்ட்ராஸ்ட், ஸ்பீடுபெயின்ட், எக்ஸ்பிரஸ் கலர் வகையறா) இதற்கு உதவுமா? காணொளிகளில் பத்து நிமிடத்தில் ஓர் அரக்கனை முடித்துவிடுகிறார்கள். என் சிப்பாய்களுக்கும் அது நடக்குமா?

---

பழைய_தூரிகை எழுதியது:

தம்பி, நடக்கும். ஆனால் அரக்கனுக்கு நடப்பதுபோல் நடக்காது.

முதலில் அந்த வண்ணம் என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். புட்டியைத் திறந்தால் கெட்டியான பழச்சாறுபோல இருக்கும். சாதாரண வண்ணம் அடியில் இருப்பதை மூடும். இது மூடாது, அடிப்பூச்சு ஊடே தெரியும். வாஷைவிட நிறமி அதிகம். அதைச் சுமக்கும் திரவம் மேட்டிலிருந்து வழிந்து பள்ளத்தில் போய்த் தேங்கும்படி செய்யப்பட்டிருக்கிறது. மடிப்பின் முகட்டில் மெல்லிய படலம், அங்கே அடிப்பூச்சின் வெளிர்நிறம் தெரிவதால் வெளிச்சம். மடிப்பின் குழியில் கனத்த படலம், அங்கே நிழல். இவ்வளவுதான் மாயம். 2019இல் கான்ட்ராஸ்ட் வந்தபோது கூடவே ரெய்த்போன் என்ற எலும்பு நிற ஸ்பிரேயும் கிரே சீர் என்ற வெளிர்சாம்பல் ஸ்பிரேயும் கொண்டுவந்தது இதற்காகத்தான். இரண்டுமே வழவழப்பானவை, சொரசொரப்பான அடிப்பூச்சில் இந்த வண்ணம் வழுக்கிப் போகாமல் நின்ற இடத்திலேயே காய்ந்துவிடும்.

ஆக, மேடுபள்ளம் நிறைந்த பரப்பு வேண்டும். அரக்கனுக்குத் தோல் சுருக்கம், செதில், மயிர், கந்தல் துணி, எல்லாமே மேடுபள்ளம். ஆகவே பத்து நிமிடம். உன் சிப்பாய் யார்? முழுக்கால்சட்டை, கோட்டுக் கை, முகம், இவற்றில் மடிப்பு உண்டு. முதுகுப்பை தட்டை. தோட்டாப்பெட்டி தட்டை. ஷாக்கோத் தொப்பி ஒரு மழமழப்பான குழாய். எல்லாவற்றுக்கும் மேலாக, சிவப்பு மார்பின்மேல் குறுக்கே இரண்டு வெள்ளைப் பட்டைகள்! ஒளி ஊடுருவும் சிவப்புக்கும் வெள்ளைப் பட்டைக்கும் பிறவிப் பகை. அதைப் பட்டுத்தான் தெரிந்துகொள்வாய்.

ஒரு பழங்கதை. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நாங்கள் மரச்சாமான்களுக்கு அடிக்கும் நிறம் கலந்த பாலியூரித்தேன் வார்னிஷில் பொம்மையையே முக்கி எடுப்போம். தட்டையாக மூன்று நான்கு வண்ணம் பூசி, அடித்தட்டைக் குறடால் பிடித்து டப்பாவுக்குள் தலைகீழாக அமுக்கி, தோட்டத்துக்குப் போய்க் கையை வீசி உதறுவோம். வேலிப்பலகை முழுக்கப் பழுப்புப் புள்ளிகள். என் மனைவி அந்த வேலியை இன்னும் மறக்கவில்லை. காய்ந்தபின் பொம்மை தேனில் தோய்த்ததுபோல் பளபளக்கும். மட்டு வார்னிஷ் (பளபளப்பில்லாத வகை) அடித்தால் அடங்கும். அழகு என்று சொல்ல மாட்டேன். ஆனால் மேசைக்கு மூன்றடி தள்ளி நின்று பார்த்தால் படை படையாகத் தெரிந்தது. ஒருபூச்சு வண்ணம் அந்த டப்பாவின் படித்த பேரன்.

உனக்கு என் யோசனை: மடிப்புள்ள இடங்களுக்கு மட்டும் இதைப் பயன்படுத்து. தட்டையான இடங்களுக்குப் பழைய வண்ணமே. ஓர் ஆளை முழுக்க இதிலேயே முடிக்க நினைத்தால் நேரம் கூடும், குறையாது.

---

ஒற்றைக்கண் எழுதியது:

வண்ணம் தீட்டுவது வேறு, வண்ணத்தில் நனைப்பது வேறு. இரண்டு மெல்லிய பூச்சு என்று சொல்லிச் சொல்லி ஒரு தலைமுறைக்குக் கை பழக்கினோம். இப்போது ஒரு கனத்த பூச்சு போதும் என்கிறார்கள். தூரிகையை எங்கே நிறுத்த வேண்டும் என்பதை வண்ணமே முடிவுசெய்தால் உங்களுக்கு அங்கே என்ன வேலை?

36 பேர் வேண்டுமென்றால் 36 பேரையும் தீட்டுங்கள். விளையாட்டைத் தள்ளிவையுங்கள்.

---

மையிட்ட_விழி எழுதியது:

ஒற்றைக்கண் அவர்களே, வீட்டில் ஒரு வயதுக் குழந்தை இருக்கும் மனிதரிடம் விளையாட்டைத் தள்ளிவை என்கிறீர்கள். அவர் ஏற்கெனவே தூக்கத்தைத் தள்ளிவைத்திருப்பார்.

அதோடு, சாம்பலில் ஒளிநிழலை முதலில் முடித்துவிட்டு அதன்மேல் ஒளி ஊடுருவும் வண்ணத்தை ஏற்றுவது எண்ணெய் ஓவியர்கள் பல நூற்றாண்டுகளாகச் செய்துவந்த வேலை. அவர்களை யாரும் நனைப்பவர்கள் என்று ஏசவில்லை.

அதைத்தான் வேலூர்க்கோட்டை அவர்களுக்கும் சொல்ல வந்தேன். ஸ்லாப்சாப் என்று 2022 வாக்கில் பரவலான முறை ஒன்று உண்டு. கறுப்பு அடிப்பூச்சு. பிறகு தூரிகையில் சாம்பல் வண்ணம் தொட்டு, துணியில் தேய்த்து ஏறக்குறைய முழுக்க உலர்த்திவிட்டு, உருவத்தின்மேல் சரசரவென்று இழுக்க வேண்டும். மேடுகள் மட்டும் சாம்பல் பிடிக்கும். அடுத்து வெள்ளையை இன்னும் லேசாக, மேலிருந்து கீழாக. இப்போது கையில் ஒரு கறுப்புவெள்ளைப் புகைப்படம் இருக்கும். அதன்மேல் ஒருபூச்சு வண்ணம். பள்ளம் கறுப்பாகவே இருப்பதால் வண்ணம் எட்டாத மூலைகூட நிழல்போலத் தோன்றும். தவறுகளை மன்னிக்கும் முறை.

இதில் ஒரு விலை உண்டு. கறுப்பின்மேல் எந்த வண்ணமும் கொஞ்சம் செத்துப்போகும். மஞ்சள் பச்சையடித்துவிடும், பார்க்கச் சகிக்காது. சிவப்பு மங்கி அரக்கு நிறத்துக்குப் போகும். எலும்பு நிற அடிப்பூச்சில் அதே சிவப்பு பளிச்சென்று இருக்கும். இரண்டிலும் ஒவ்வோர் ஆள் செய்து பாருங்கள். 36 பேரையும் ஒரே நாளில் கெடுத்துவிடாதீர்கள்.

---

அரைத்தூக்கம் எழுதியது:

பெரம்பூரிலிருந்து ஒரு குறுக்கீடு. வழவழப்பான அடிப்பூச்சு என்று பழைய_தூரிகை ஐயா ஒரே வரியில் சொல்லிவிட்டார். ஐப்பசி கார்த்திகையில் இங்கே மொட்டைமாடியில் ஸ்பிரே அடித்துப் பாருங்கள். போன மழைக்காலத்தில் பத்து எலும்புக்கூடுகளுக்கு அடித்தேன். காய்ந்தபின் தொட்டால் உப்புத்தாள்போல இருந்தது. அதன்மேல் ஒருபூச்சு வண்ணம் விட்டால் எங்கும் ஓடவில்லை, மணலில் ஊற்றிய காப்பிபோல அங்கேயே உறிஞ்சிக்கொண்டது. பத்தையும் சுரண்டி எடுத்தேன். இப்போது தூரிகையால் பூசும் அடிப்பூச்சுதான், அறைக்குள்ளேயே. நேரம் பிடிக்கிறது, ஆனால் காற்றின் ஈரத்தை நம்பியிருக்க வேண்டியதில்லை.

இன்னொன்று, மின்விசிறி. ஈரமான ஒருபூச்சு வண்ணத்தை விசிறிக்கடியில் வைத்தால் ஓரம் முதலில் காய்ந்து, நடுவில் இருப்பது ஓரத்துக்கு இழுபட்டு, தட்டையான இடங்களில் கோலம்போல வளையம் விழும். நான் டப்பாவைக் கவிழ்த்து மூடிவைக்கிறேன். வேர்த்து ஒழுகிக்கொண்டு விசிறியை அணைத்துவிட்டு வண்ணம் பூசுகிற ஒரே பைத்தியம் எங்கள் தெருவில் நான்தான்.

---

வேலூர்க்கோட்டை எழுதியது:

முதல் சோதனை முடிந்தது. நான்கு பேரைப் பலிகொடுத்தேன். இரண்டு பேருக்கு எலும்பு நிற அடிப்பூச்சு, இரண்டு பேருக்குக் கறுப்பும் உலர்தூரிகையும்.

நல்லதை முதலில் சொல்கிறேன். முழுக்கால்சட்டைக்குச் சாம்பல் ஒருபூச்சு விட்டதும் முழங்காலின் பின்மடிப்பில் வண்ணம் தானாகப் போய் உட்கார்ந்ததைப் பார்த்து ஒரு நிமிடம் தூரிகையைக் கீழே வைத்துவிட்டேன். நான் பதினைந்து நிமிடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்வதை அது முப்பது விநாடியில் செய்தது. துப்பாக்கிக் கட்டைக்கு ஸ்னேக்பைட் லெதர், முகத்துக்கு கில்லிமேன் ஃபிளெஷ், இரண்டும் அப்படியே.

இனி அழுகை. முதுகுப்பை கறுப்பு. அதற்கும் ஒருபூச்சுக் கறுப்பையே விட்டேன். காய்ந்தபின் மழைநீர் தேங்கி வற்றிய சிமென்டுத் தரைபோலத் திட்டுத்திட்டாக இருக்கிறது. கோட்டின் பின்வால் நுனியில் ஒரு சொட்டு தொங்கியபடியே காய்ந்துவிட்டது. ஒருவனுக்குத் தாடையில் தேங்கி, பார்ப்பதற்குக் குறுந்தாடி வைத்தவன் மாதிரி. (அவனை, வழிவெட்டும் முன்னோடிப் படையாளன் என்று கணக்குக் காட்டிவிடலாம், அவர்கள் தாடி வைத்திருப்பார்கள்.)

பெரிய சோகம் பட்டைகள். சிவப்பு காய்ந்துவிட்டது என்று நம்பி, ஒரு மணி நேரம் கழித்து அதன்மேல் வெள்ளைப் பட்டையை வரைந்தேன். கண்ணெதிரே வெள்ளை ரோஜா நிறமானது. மறுபடி வெள்ளை; மறுபடி ரோஜா. மூன்றாம் முறை பூசியபோது பட்டை கயிறுபோலத் தடித்துவிட்டது. இது எந்த நிறுவனத்தின் சிவப்பு என்று சொல்லப்போவதில்லை, நண்பர் ஒருவர் கொடுத்த பழைய புட்டி. வேலூரிலிருந்து வந்தவன் கையில் 69ஆவது படை ரோஜாப் பட்டை அணிந்து நிற்கிறது. பழிவாங்கல் என்று யாராவது நினைத்துக்கொள்ளட்டும்.

நேரம்: ஆளுக்கு 55 நிமிடம். இதில் பாதி, செய்த தவறைத் திருத்திய நேரம்.

---

மையிட்ட_விழி எழுதியது:

ரோஜாவுக்குக் காரணம் உங்கள் கை அல்ல. முதல் தலைமுறை ஒருபூச்சு வண்ணங்களில் சில, காய்ந்தபின்னும் ஈரம் பட்டால் மறுபடி கரையும். நீங்கள் பூசிய வெள்ளையில் இருந்த தண்ணீர் அடியில் இருந்த சிவப்பை எழுப்பிவிட்டது. பின்னால் வந்த வகைகள் பலவற்றில் இந்தக் குறை சரிசெய்யப்பட்டுவிட்டது. பழைய புட்டியை வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் ஒருபூச்சு வேலை எல்லாம் முடிந்ததும் ஓர் இரவு விடுங்கள், மறுநாள் மட்டு வார்னிஷ் ஒரு முறை ஸ்பிரேயாக, மெல்லியதாக. தூரிகையால் பூசினால் அதுவும் கரைத்துவிடும். அந்தப் படலத்தின்மேல் வெள்ளையைப் பூசினால் கீழிருப்பது மேலே வராது. எந்த வண்ணமானாலும் இந்த வார்னிஷ் நல்லதுதான். கையில் பிடித்துப் பிடித்துத் திருப்பும்போது முகட்டில் இருக்கும் மெல்லிய படலம் தேய்ந்து அடிப்பூச்சு எட்டிப்பார்ப்பதையும் அது தடுக்கும்.

சொட்டுக்கு மருந்து: இரண்டாவது தூரிகை ஒன்றை ஈரமாக, ஆனால் துடைத்து, இடக்கையில் வைத்துக்கொள்ளுங்கள். வண்ணம் விட்ட கையோடு கோட்டு நுனி, தாடை, கை மடிப்பு, துப்பாக்கிக்கும் மார்புக்கும் இடைப்பட்ட சந்து, இந்த நான்கு இடங்களையும் பாருங்கள். தேங்கியிருந்தால் நுனியை வைத்தால் போதும், தூரிகை உறிஞ்சிக்கொள்ளும். இதற்கு இருபது விநாடிதான் அவகாசம். அது பாதி காய ஆரம்பித்தபின் தொட்டீர்களோ, தோல் உரிந்ததுபோலக் கிழியும். அப்போது கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பதே திறமை.

நீர்க்க வேண்டுமென்றால் தண்ணீர் ஊற்றாதீர்கள். அதற்கென்று விற்கும் மீடியத்தை மட்டும் கலவுங்கள். தண்ணீர் கலந்தால் அந்தத் திரவத்தின் குணம் போய், வெறும் சாயத்தண்ணீராகித் திட்டு விழும்.

---

பழைய_தூரிகை எழுதியது:

அம்மணி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், இதுதான் இந்த வண்ணத்தில் யாரும் முன்கூட்டிச் சொல்லாத சங்கதி.

சாதாரண வண்ணத்தில் தூரிகை தவறி அடுத்த இடத்தில் பட்டால் கவலையில்லை, அந்த இடத்து வண்ணத்தை மேலே பூசினால் மறைந்துவிடும். இதில் மறையாது. சாம்பல் கால்சட்டையில் சிவப்புப் பட்டுவிட்டால், அதன்மேல் சாம்பலை விட்டாலும் சிவப்புத் தெரியும். திரும்பவும் அடிப்பூச்சு நிறத்தைத் தொட்டு அந்த இடத்தை மூடி, காயவிட்டு, பிறகு சாம்பல். தம்பிக்குப் போன பாதி நேரம் அங்கேதான் போயிருக்கும். காணொளியில் இதைக் காட்ட மாட்டார்கள், ஏனென்றால் அவர்கள் கை தவறுவதில்லை, அல்லது தவறியதை வெட்டிவிடுகிறார்கள்.

அதனால் எதை முதலில், எதைப் பின்னால் என்ற வரிசைதான் வேகம். வெளிர்நிறம் முதலில்: முகம், கை. அடுத்து சாம்பல். அடுத்து சிவப்பு. கடைசியில் பழுப்பு. அடர்நிறம் வெளிரின்மேல் கொஞ்சம் ஏறினால் பரவாயில்லை. வெளிர்நிறத்தால் அடர்நிறத்தை மூட முடியாது. மூடும் வண்ணத்தில் செய்யப்போகிற இடங்களை, அதாவது பட்டை, பை, தோட்டாப்பெட்டி, தொப்பி, இவற்றைச் சட்டைசெய்யாதே. சிவப்பைப் பட்டையின்மேலேயே இழுத்துக்கொண்டு போ. பட்டையைச் சுற்றிச் சுற்றி வளைந்து போகிறவன் வீட்டுக்கு வேளைக்குப் போகமாட்டான்.

---

ஒற்றைக்கண் எழுதியது:

ஆக, ஒருபூச்சு வண்ணத்தை ஒழுங்காகப் பயன்படுத்த இரண்டு தூரிகை, இருபது விநாடிக் கணக்கு, வரிசை ஒழுக்கம், இடையில் வார்னிஷ், ஓர் இரவுக் காத்திருப்பு. இதற்குப் பெயர் சுருக்குவழி!

---

அரைத்தூக்கம் எழுதியது:

அண்ணா, நீங்கள் ஒரு கண் வரைவதற்கு நான்கு தூரிகை எடுப்பதைப் புகைப்படத்தோடு போட்டவர். மறந்துவிடவில்லை.

---

மையிட்ட_விழி எழுதியது:

வேலூர்க்கோட்டை, உங்கள் நான்கு பேரின் படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்று தோன்றியது.

பிரிட்டிஷ் காலாட்படையில் எல்லாருடைய சிவப்பும் ஒன்று அல்ல. சாதாரணச் சிப்பாயின் கோட்டு மஞ்சிட்டி வேரில் சாயம் ஏற்றியது. செங்கல் நிறம், வெயிலிலும் மழையிலும் இன்னும் மங்கும். அதிகாரிகளும் சார்ஜென்ட்களும் உடுத்தியது நல்ல துணியில் பளிச்சென்ற செஞ்சிவப்பு. கறுப்பு அடிப்பூச்சில் சிவப்பு செத்துப்போகும் என்று நான் குறையாகச் சொன்னேன். உங்கள் சிப்பாய்களுக்கு அது குறையே இல்லை, அதுதான் வேண்டும்! கறுப்பும் உலர்தூரிகையும் செய்த உருவங்களைச் சிப்பாய்களாக்குங்கள். அதிகாரிகளையும் சார்ஜென்ட்களையும் எலும்பு நிற அடிப்பூச்சில் செய்யுங்கள். அதே புட்டி, இரண்டு சிவப்பு. மேசையில் வைத்தால் யார் கட்டளையிடுபவன் என்று தொப்பியைப் பார்க்காமலே தெரியும்.

சிவப்பில் பிளெஷ் டேரர்ஸ் ரெட் ரொம்ப அடர்த்தி, கறுப்பின்மேல் இரத்தக்கட்டிபோல ஆகிவிடும். பிளட் ஏஞ்சல்ஸ் ரெட் கொஞ்சம் ஆரஞ்சுப் பக்கம் சாயும். கறுப்பு அதை இழுத்துப் பிடித்துச் செங்கல்லில் கொண்டுவந்து நிறுத்தும்.

முரசறைபவன் இருந்தால் அவனுக்குக் கோட்டு தலைகீழ்: ரெஜிமென்டின் முகப்புநிறம் (மற்றவர்களுக்குக் காலரிலும் கைமடிப்பிலும் வருவது) கோட்டுக்கு, சிவப்பு காலருக்கும் கைமடிப்புக்கும். 69ஆவதுக்குப் பச்சை. அவனையும் எலும்பு நிறத்தில் செய்யுங்கள்.

---

சோளப்பொரி எழுதியது:

இடையில் ஒரு சின்னக் கேள்வி. என்னிடம் 1/72 அளவில், வளையும் பிளாஸ்டிக்கில் செய்த பழைய பெட்டிகள் இருக்கின்றன. அவற்றுக்கும் இது ஆகுமா?

---

பழைய_தூரிகை எழுதியது:

முயன்று பார்த்தேன். அந்த அளவில் பல உருவங்களுக்கு மடிப்பே ஆழமில்லை, வண்ணம் தேங்க இடமில்லாமல் ஒரே சீராகக் காய்ந்துவிடும். கறுப்பு அடிப்பூச்சும் உலர்தூரிகையும் இட்டால் ஓரளவு தேறும். வளையும் பிளாஸ்டிக்குக்கு முதலில் சோப்புத்தண்ணீரில் குளியல், முடிவில் வார்னிஷ். இல்லையென்றால் ஈட்டியை ஒரு முறை வளைத்ததும் வண்ணம் பொருக்காக உதிரும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இது எல்லாருக்கும். அவசரமாக ஒரு படை வேண்டுமென்றால் உடுப்பைப் பார்த்துப் படையைத் தேர்ந்தெடுங்கள். நீளமான மேலங்கி அணிந்த பிரெஞ்சுக் காலாட்படை இருக்கிறதே, கழுத்திலிருந்து முழங்கால்வரை ஒரே துணி, எங்கு பார்த்தாலும் மடிப்பு. சாம்பல், பழுப்பு, மண்ணிறம் என்று ஆளுக்கொரு நிறம் வைத்தாலும் படையெடுப்புக் காலத்தில் அப்படித்தான் இருந்தார்கள் என்று சொல்லிக்கொள்ளலாம். பிரிட்டிஷாரின் 95ஆவது ரைஃபிள் படை இன்னொன்று: கரும்பச்சை உடுப்பு, கறுப்புத் தோல்பட்டை. சிவப்புக்குமேல் வெள்ளை என்ற வம்பே இல்லை. தம்பி ஊர்ப்பாசத்தில் இருப்பதிலேயே கடினமானதைப் பிடித்துக்கொண்டான், என்ன செய்ய.

---

வேலூர்க்கோட்டை எழுதியது:

இரண்டாம் சுற்று. எட்டுப் பேர், எல்லாரும் சாதாரணச் சிப்பாய்கள். இந்த முறை புதிய சிவப்பு. அடுப்பங்கரைக் கடிகாரத்தை வைத்து அளந்தேன்.

கறுப்பு அடிப்பூச்சு முந்தைய நாளே முடிந்தது, அதைச் சேர்க்கவில்லை. உலர்தூரிகையில் சாம்பலும் வெள்ளையும் எட்டுப் பேருக்கும் சேர்த்து 25 நிமிடம். முகம், கை, கால்சட்டை, துப்பாக்கிக் கட்டை: 50 நிமிடம். சிவப்பு 20 நிமிடம். பட்டையைப் பற்றிக் கவலைப்படாமல் இழுத்தேன், என்ன நிம்மதி! அந்த இரவு அப்படியே விட்டேன். மறுநாள் மட்டு வார்னிஷ். அடுத்து மூடும் வண்ணங்கள்: பட்டை, பை, பெட்டி, தொப்பி, துப்பாக்கிக் குழாய், நீலத் தண்ணீர்க்குடுவை, பச்சைக் காலர், பச்சைக் கைமடிப்பு. இது 136 நிமிடம். திருத்தங்கள் 40 நிமிடம். மொத்தம் 271 நிமிடம், எட்டால் வகுத்தால் ஏறக்குறைய 34.

வெள்ளை இந்த முறை வெள்ளையாகவே இருந்தது. முதலில் வெளிர்சாம்பலில் ஒரு கோடு, அதன்மேல் சற்று ஒல்லியாக வெள்ளைக் கோடு. கோட்டின் இரு ஓரத்திலும் மயிரிழை அளவுக்குச் சிவப்பு நிழல் எஞ்சியிருக்கிறது, கறுப்புக் கோடு தனியாக வரைய வேண்டியிருக்கவில்லை.

ஒன்று உறைத்தது. ஒருபூச்சு வண்ணத்தில் செய்த வேலை, உலர்தூரிகையையும் சேர்த்து, எட்டுப் பேருக்கும் 95 நிமிடம்தான். மூடும் வண்ணத்தில் செய்தது ஆளுக்கு 17 நிமிடம். பழைய குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தேன்: முன்பும் பட்டைக்கும் பைக்கும் சேர்த்து இதே 17 நிமிடம்தான் ஆகியிருக்கிறது. நான் இத்தனை நாள் நேரத்தை விழுங்குவது நிழல் தீட்டுவது மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதைச் சுருக்கியபின்தான் அடியில் இந்தப் பாறை தெரிகிறது. இனி எந்தப் புட்டி வாங்கினாலும் இந்த 17 குறையாது போலிருக்கிறது. குறைக்க வழி உண்டா?

---

பழைய_தூரிகை எழுதியது:

உண்டு, ஆனால் அது புட்டியில் இல்லை. இரண்டு வரிசையாக நிறுத்தப்போகிறாய் அல்லவா? பின்வரிசைக்காரனின் மார்பை யார் பார்க்கப்போகிறார்கள்? முன்னால் நிற்பவனின் முதுகுப்பை மறைத்துவிடும். பின்வரிசைக்கு மார்புப் பட்டையில் வெளிர்சாம்பல் கோட்டோடு நிறுத்து, வெள்ளை வேண்டாம். முன்வரிசைக்குப் பையின் பக்கவாட்டில் விளிம்புக்கோடு வேண்டாம். வரிசையாக நிறுத்திவைத்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரிவதை மட்டும் தீட்டு.

---

ஒற்றைக்கண் எழுதியது:

படங்களைப் பார்த்தேன். கால்சட்டை நன்றாக இருக்கிறது. ஒப்புக்கொள்கிறேன்.

முகம் நன்றாக இல்லை. ஒருபூச்சு வண்ணம் கண்குழியில் தேங்கி எட்டுப் பேரும் காமாலை வந்து தேறியவர்கள் மாதிரி நிற்கிறார்கள். மனிதர் முதலில் பார்ப்பது முகத்தைத்தான். கண் வரையச் சொல்லவில்லை, பயப்பட வேண்டாம். மூடும் வகைத் தோல்நிறத்தை எடுத்து மூக்குத்தண்டில் ஒரு தொடல், இரண்டு கன்ன மேட்டிலும் ஒவ்வொரு தொடல், தாடையில் ஒன்று. நான்கே புள்ளி. ஆளுக்கு ஒரு நிமிடம். உதட்டுக்கு அடியில் விரும்பினால் இன்னொன்று. இதைச் செய்தால் மற்றதையெல்லாம் நீங்கள் நனைத்தே செய்திருந்தாலும் தீட்டியதுபோலத் தெரியும். இதைச் செய்யாவிட்டால் நான் இந்த இழைக்கு இனி வரமாட்டேன்.

---

அரைத்தூக்கம் எழுதியது:

வராமல் இருக்க மாட்டார். நான்கு புள்ளி முறையை என் எலும்புக்கூட்டு மண்டையோடுகளுக்கு முயன்றேன், கன்ன எலும்பில் இரண்டு, நெற்றியில் ஒன்று. பிரமாதம். நன்றி அண்ணா.

---

வேலூர்க்கோட்டை எழுதியது:

நான்கு வாரம் முடிந்து மூன்று நாள். 36இல் 33 பேர் தயார். கடைசி எட்டுப் பேர் ஆளுக்கு 29 நிமிடத்தில் முடிந்தார்கள், பின்வரிசைத் தந்திரத்தால். நான்கு புள்ளியும் வைத்திருக்கிறேன், ஒற்றைக்கண் அவர்கள் பூதக்கண்ணாடியோடு வந்து எண்ணிக்கொள்ளலாம். முதல் நான்கு பலிகளையும் தூக்கிப்போடவில்லை. ரோஜாப் பட்டைக்காரர்கள் பின்வரிசையில் நடுவில் நிற்கிறார்கள். தாடிக்காரன் ஓரத்தில்.

செங்கல் சிவப்புக்கு நடுவே இரண்டு அதிகாரிகளும் தீப்பொறிபோல நிற்கிறார்கள். மையிட்ட_விழி அக்காவுக்கு இந்த ஒன்றுக்காகவே தனி நன்றி.

மீதி மூன்று பேர்: முரசறைபவன் ஒருவன், கொடி தாங்குபவர்கள் இருவர். இந்த இருவரால்தான் ஒரு சிக்கல். 69ஆவதின் இரண்டாம் பட்டாலியன் 1815 ஜூன் 16 அன்று காத்ர் பிரா சண்டையில் பிரெஞ்சுக் கவசக் குதிரைப்படையிடம் தன் இரண்டு கொடிகளில் அரசக் கொடியை இழந்துவிட்டது. இரண்டு நாள் கழித்து வாட்டர்லூவில் அவர்களிடம் எஞ்சியிருந்தது பச்சைத் துணியில் தைத்த ரெஜிமென்ட் கொடி மட்டும். எங்கள் குழு முதல் வாரம் ஆடப்போவது காத்ர் பிரா, இரண்டாவது வாரம் வாட்டர்லூ. ஒருவனை ஒட்டுவதா, இருவரை ஒட்டுவதா?

---

பழைய_தூரிகை எழுதியது:

இருவரையும் தீட்டு. அரசக் கொடிக்காரனை மட்டும் ஒட்டாதே. அவன் அடித்தட்டுக்குக் கீழே ஒரு சின்னக் காந்தம் வை, தாங்கும் பலகையில் ஓர் இரும்புத்தகடு. முதல் வாரம் சண்டையில் எதிராளியின் குதிரைப்படை வந்து தொட்டால் உன் கையாலேயே எடுத்துக் கொடுத்துவிடு.

கொடி காகிதத்தில் அச்சிட்டது என்றால் அதன்மேல் ஒருபூச்சு வண்ணத்தைக் கொண்டுபோகாதே, ஊறிக் கிழிந்துவிடும். மடித்து அலையாக வளைத்தபின் காகித ஓரத்தில் தெரியும் வெள்ளைக் கோட்டை மட்டும் அந்தந்த இடத்து நிறத்தில் சாதாரண வண்ணத்தால் மூடிவிடு.

---

வேலூர்க்கோட்டை எழுதியது:

காந்தம் வாங்கிவிட்டேன். ஐந்து மில்லிமீட்டர் அகலம். குழந்தை கைக்கு எட்டாத உயரத்தில், அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன், சிப்பாய்களுக்குப் பக்கத்தில். இன்று இரவு முரசறைபவனுக்குப் பச்சை.